கத்தி தீட்டும் கைக்கா தீட்டு?

திருத்தணியில் முடி காணிக்கை செலுத்த வரும் பக்தன் முதலில் தலை குனிவது கருவறையின் முன்னாலன்று. சவரத் தொழிலாளியின் முன்னால்! அந்தக் கை தொட்டால் தீட்டு, குளி என்று கற்பித்தது வைதிகம். கேட்கிறோம், கத்தியைத் தீட்டியவனா தீட்டு?

மடக்குக் கத்தி கோலோச்சிய நாளில் அந்தக் கை கற்றிருந்த கல்வியை எண்ணிப் பாருங்கள். சொரசொரப்பான கல்லில் வாய் பிடித்து, பின்னர் வழவழப்பான இயற்கைக் கல்லில் நீர் தெளித்து, கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே படியக் கிடத்தி, வாய் முன்செல்லத் தேய்க்க வேண்டும். அடுத்துத் தோல்வார்; அங்கே முதுகு முன்செல்ல வேண்டும். மாறினால் வாரும் கிழியும், கூரும் மழுங்கும்! பெல்ஜிய நாட்டு இளமஞ்சள் கல் புகழ் பெற்றது, எஃகைத் தேய்க்கும் நுண்ணிய கார்னெட் மணிகள் அதில் பொதிந்திருப்பதால். மந்திரம் ஓதிக் கூராக்கிய கத்தி உண்டோ?

குருதிவழி நோய்க்கு அஞ்சி இன்று ஒருவருக்கு ஒரு பிளேடு என்றாயிற்று. நன்று, வரவேற்கிறோம். கல் ஓய்ந்தது, சாதி வசை ஓய்ந்ததா?

1960-இல் ஆந்திரத்திலிருந்து தணிகையை மீட்டோம். 2021-இல் அரசு மொட்டைக் கட்டணத்தை நீக்கிற்று. தொழிலாளர்க்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. பாராட்டுகிறோம். ஆயினும் ஊக்கத்தொகை ஊதியமாகிவிடாது. மழித்த முடி ஏலம் போகிறது, பணம் கோயிலுக்குப் போகிறது. மழித்த கைக்கு நிலையான சம்பளம் எங்கே? பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970-இலேயே சட்டம் செய்த மாநிலம் இது. சவரத் தொழிலாளியின் மகன் தணிகைக் கருவறையில் பூசை செய்யட்டும். அர்ச்சகர் வீட்டுப் பிள்ளை விரும்பினால் கத்தி எடுக்கட்டும்!