பாம்பு பட்டினி கிடந்தால் பதறாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்

மாணவர்களே, பினாங்கில் பாம்பு என்றதும் பாயான் லெப்பாசில் உள்ள பாம்புக் கோயில்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்குள்ள விரியன்கள் கிளையில் அசையாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரை அருகில் வரும்வரை காத்திருப்பது அவற்றின் இயல்பு. பசி தாங்குவதில் பாம்புகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். வீட்டில் பாம்பு வளர்ப்போர் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

கார்ன் ஸ்நேக் எனப்படும் சோளப் பாம்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இது நஞ்சில்லாதது; இரையை உடலால் சுற்றி இறுக்கிக் கொல்லும். உலகின் பல நாடுகளில் இதை விரும்பி வளர்க்கிறார்கள். ஆனால், முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிகளில் சில, வைத்த எலிக்குஞ்சைத் தொடுவதே இல்லை. பதற்றத்தில் சிலர் வாயைத் திறந்து இரையைத் திணித்துவிடுகிறார்கள். இது தவறு என்பதே என் கருத்து. பாம்பு உண்ண மறுப்பது அடம் அல்ல. ஏதோ சரியில்லை என்பதற்கான அறிகுறி.

நாம் உண்பதில் பெரும்பங்கு உடற்சூட்டைக் காக்கவே செலவாகிறது. பாம்பு வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறுகிறது. அதனால்தான் அதற்குக் குறைந்த உணவே போதும். ஆனால் சுற்றுப்புற வெப்பம் பொருந்தாவிட்டால் செரிமானம் கெடும், பசியும் போய்விடும். இங்குதான் பினாங்குக்காரர்கள் கவனிக்க வேண்டும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குறிப்பைப் பார்த்து, பகலில் 30 டிகிரியைத் தாண்டும் நம் ஊரிலும் சூடேற்றும் தட்டை இரவு பகலாகப் போட்டு வைத்தால் என்னாகும்? ஏர்கோன் அறையிலோ நிலைமை நேரெதிர். பெட்டியின் ஒரு முனை 28 முதல் 30 டிகிரி வரையும், மறுமுனை அதைவிட நான்கைந்து டிகிரி குறைவாகவும் இருக்க வேண்டும். ஊகிக்காதீர்கள், வெப்பமானி வைத்து அளந்து பாருங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. காட்டில் சோளப் பாம்புக் குட்டிகள் பல்லியையும் சிறு தவளையையும் உண்கின்றன. எலியின் வாசனை அவற்றுக்குப் புதிது. ஒளிந்துகொள்ள இடம் இல்லாவிட்டாலும், அடிக்கடி கையில் எடுத்தாலும் பாம்பு மிரளும். சட்டை உரிக்கும் முன் கண் மங்கும்போதும் பெரும்பாலும் உண்ணாது.

அப்படியானால் என்ன செய்வது? அறிவியல் வகுப்பில் படித்ததையே செய்யுங்கள்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மாற்றுங்கள். முதலில் வெப்பம், அடுத்து மறைவிடம், பிறகு இரையின் அளவு. ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் ஐந்து முதல் ஏழு நாள் பாம்பைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். தேதி, வெப்பநிலை, எடை மூன்றையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், பாம்பு உண்டாலும் எதனால் உண்டது என்று தெரியாது.

‘காத்திருந்தால் குட்டி செத்துவிடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு சில கிராம் எடையே உள்ள குட்டியின் உடலில் சேமிப்பு குறைவுதான். அதனால்தான் எடைக் குறிப்பு முக்கியம். எடை தொடர்ந்து இறங்கினால் ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வாயில் ஊட்டுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பழக்கமில்லாத கை திணித்தால் வாயும் உணவுக்குழாயும் காயப்படலாம். மிரண்ட பாம்பு விழுங்கியதையும் கக்கிவிடலாம்.

வாங்கும் முன்பே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ‘இந்தக் குட்டி தானாக எத்தனை முறை இரை எடுத்தது?’ என்று விற்பவரிடமும், ‘இதை வளர்க்க உரிமம் வேண்டுமா?’ என்று பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையிடமும் கேட்டறியுங்கள். சோளப் பாம்பு 15, 20 ஆண்டுகள்கூட வாழும். இன்று படிவம் மூன்றில் இருக்கும் நீங்கள் வேலைக்குப் போன பிறகும் அதற்கு இரை வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.