உழைப்பாளர் சிலைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, விடியற்காலையில் கேமராவோடு மெரினாவில் நடப்பது. உழைப்பாளர் சிலையை எடுத்த ஒரு படத்தை, இணையத்தில் படம் விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். "சிலை உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் எங்கே?" என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

யாரிடம் போய் வாங்குவது? வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1975-லேயே காலமாகிவிட்டார். சிலையோ 1959 முதல் ஊரார் கண்ணெதிரே நிற்கிறது.

நமது 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவில் தெளிவாகவே சொல்கிறது: பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்தைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது. கட்டடத்தைப் படம் எடுத்தாலும் அப்படித்தான்.

ஒருவர் வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் கடிதம் கேட்பது நியாயம். நடைபாதையில் நின்று எடுத்ததற்குமா? வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அலைச்சல் மட்டும் நமக்கு. சட்டம் கொடுத்ததை ஒரு விண்ணப்பப் படிவம் பறிப்பதா? கேட்டவுடன் பின்வாங்கினால், நாளை தெருவைப் படம் எடுக்கவும் கடிதம் கேட்பார்கள்.

நான் விடுவதாக இல்லை. அந்தச் சட்டப் பிரிவை நகலெடுத்து, அதே படத்தோடு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், நீங்களும் அதையே செய்யுங்கள்.