தலைமேல் ஏந்தும் அன்னம்

நீண்ட பயணம் புறப்படும் சைவக் குடும்பங்களுக்குத் தங்கும் இடத்தைப் பற்றிய கவலையைவிட உணவைப் பற்றிய கவலையே பெரிது. எங்கே உண்பது, எதில் சமைத்தார்கள், என்ன சேர்த்தார்கள் என்ற கேள்விகள் மனத்தை விட்டு நீங்குவதில்லை. நெல்லையைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், ஜப்பானில் கணினிப் பொறியாளராகப் பணியாற்றும் மகனின் இல்லத்துக்குப் புறப்பட்டபோதும் அவ்வாறே நேர்ந்தது. அவருடைய பெட்டியில் புடவைகளைவிடப் பருப்புப்பொடியும் அப்பளமும் புளிக்காய்ச்சலுமே மிகுதியாக இருந்தன.

மகனின் வீடு டோக்கியோ மாநகரின் கிழக்கே, எடோகவா வட்டத்தைச் சேர்ந்த நிஷிகசாய் என்னும் பகுதியில் இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்து கணினித் துறையில் பணிபுரிய வந்தவர்கள் பலர் அங்கே குடியேறியதால், இந்தியர் மிகுதியாக வாழும் இடம் அது. வீட்டில் இருந்தவரையில் அம்மையாருக்கு எந்தக் குறையும் இல்லை. மருமகளின் சமையலும், பேரனின் பேச்சும், பலகணி வழியே தெரியும் வானமும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

ஒரு மாலையில் மகன் முகம் வாடி வீடு திரும்பினார். அவருடைய மேலதிகாரி, அம்மையாரின் வருகையைக் கேள்விப்பட்டு, குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்திருந்தார். அழைத்த இடமோ 'யாக்கினிகு' உணவகம். அச்சொல்லுக்குச் சுட்ட இறைச்சி என்று பொருள். மேசையின் நடுவிலேயே அடுப்பு பதிக்கப்பட்டு, அதன்மேல் கம்பிவலை போடப்பட்டிருக்கும். உண்பவர்கள் தாங்களே இறைச்சித் துண்டுகளை அதில் வாட்டி உண்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அங்கு வாழ்ந்த கொரிய மக்களின் கடைகளிலிருந்து நாடு முழுவதும் பரவிய வழக்கம் இது. அங்கே முதன்மையானது மாட்டிறைச்சி.

"இத்தனை நாளும் எப்படிச் சமாளித்தாய், ஐயா?" என்று தாய் கேட்டார்.

"வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன், அம்மா. நான்கு ஆண்டுகளாக அப்படித்தான். நாளைக்கும் அதையே சொல்லிவிடுகிறேன்."

அம்மையார் சிறிது நேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: "நாம் உண்பதில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அன்போடு அழைத்தவரிடம் பொய் சொல்வதில்தான் வெட்கம் இருக்கிறது. நாளைக்கு அங்கே போய் உட்கார்ந்த பிறகு தெரிந்தால் அவர் மனம் எவ்வளவு நோகும்! இப்போதே சொல்லிவிடு."

மகன் தயங்கித் தயங்கித் தொலைபேசியில் உண்மையைத் தெரிவித்தார். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு அந்த அதிகாரி, அவர்கள் உண்ணாதது குறித்துத் தமக்கு வருத்தமில்லை என்றும், நான்கு ஆண்டுகளாக ஒருவரைப் பட்டினியாக அமரவைத்துத் தாம் உண்டு வந்ததே வருத்தமளிக்கிறது என்றும் கூறினார். தம் பாட்டி நீத்தார் நினைவு நாட்களில் மீனும் ஊனும் விலக்கி, 'ஷோஜின்' எனப்படும் நோன்பு உணவையே சமைப்பார் என்பதையும் நினைவுகூர்ந்தார். அந்த நாட்டின் வரலாறு அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. 675ஆம் ஆண்டிலேயே தென்மு சக்கரவர்த்தி, ஆண்டின் சில மாதங்களில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் ஊனை உண்ணலாகாது என்று ஆணையிட்டார். பௌத்த நெறியின் செல்வாக்கால் மாட்டிறைச்சி பல நூற்றாண்டுகள் அங்கே பொதுவழக்கில் இல்லை. 1872இல் மெய்ஜி சக்கரவர்த்தி அதனை உண்டதாகச் செய்தி வெளியான பிறகே நிலைமை மாறலாயிற்று.

அதிகாரி விருந்துக்கான இடத்தை மாற்றினார். புதிய இடமும் வாட்டும் உணவகமே; ஆனால் 'ரொபாதாயாக்கி' என்னும் வேறு வகையைச் சேர்ந்தது. வடக்கே செண்டாய் நகரில் தோன்றிய முறை இது. நடுவில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருக்க, அதன் முன்னே கத்தரிக்காய், காளான், வெங்காயம், சோளக்கதிர், சர்க்கரைவள்ளி, பச்சைமிளகாய் எனக் காய்கள் கொலுப்படிபோல் அடுக்கப்பட்டிருந்தன. சமையற்காரர் அடுப்பின் பின்னே மண்டியிட்டு அமர்ந்து, வெந்ததைப் படகுத்துடுப்பு போன்ற நீண்ட மரக்கரண்டியில் வைத்து விருந்தினரிடம் நீட்டினார். பிறருக்கு மீனும் அங்கே வாட்டப்படும் என்பதால், அதிகாரி முன்கூட்டியே சொல்லி இவர்களுக்கென்று புதிய கம்பிவலையும் ஓரமான இடமும் கேட்டு வைத்திருந்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு பண்டமும் வரும்போது சமையற்காரரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இதில் தாஷி உண்டா?" தாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு. பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனைச் சீவிக் கொதிநீரில் இட்டு இறக்குவது. பார்ப்பதற்குக் காய்கறிக் குழம்பாகத் தோன்றுவதிலும், சோயா பயற்றுத் தயிர்க்கட்டியின்மேல் ஊற்றும் இரசத்திலும், மிசோ சூப்பிலும் அது கலந்திருக்கும். கடற்பாசியான கொம்புவிலிருந்தும் உலர்ந்த காளானிலிருந்தும் மட்டுமே எடுக்கும் தாஷியும் உண்டு. புத்த மடங்களில் அதைத்தான் பயன்படுத்துவர். அந்த உணவகத்தில் அது இல்லாததால், உப்பும் எலுமிச்சையும் மட்டுமே தூவிய காய்கள் வந்தன. தோல் கருகி உள்ளே வெண்ணெயாக வெந்திருந்த கத்தரிக்காயைச் சுவைத்தபோது, ஊரில் விறகடுப்பில் சுட்டுப் பிசையும் கத்தரிக்காய் அம்மையாரின் நினைவுக்கு வந்தது.

உண்ணத் தொடங்குமுன் அதிகாரி இரு கைகளையும் கூப்பித் தலை தாழ்த்தி ஒரு சொல்லைச் சொன்னார். அம்மையார் அதைக் கவனித்தார்; ஆனால் பொருள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பேரனின் பிறந்தநாள் வந்தது. பெரிய விடுதி ஒன்றில், விரும்பியதை விரும்பிய அளவு எடுத்து உண்ணும் பஃபே விருந்துக்குச் சென்றார்கள். ஜப்பானியர் இதனை 'பைக்கிங்' என்பர். 1958 ஆகஸ்டில் டோக்கியோவின் இம்பீரியல் விடுதி, ஸ்காண்டிநேவிய நாடுகளின் உணவு வரிசையைக் கண்டு இந்த முறையை அங்கே அறிமுகப்படுத்தியது. அந்நாட்டுப் பெயர் ஜப்பானியர் நாவில் எளிதில் வராததால், அப்போது திரைக்கு வந்திருந்த 'வைக்கிங்ஸ்' படத்தின் பெயரைச் சூட்டினார்கள். இன்றும் அந்நாட்டில் பஃபேயைப் பைக்கிங் என்று அழைப்பதுண்டு.

நீண்ட மேசைகளில் நூறு வகைக்கும் குறையாத பண்டங்கள் இருந்தன. மருமகள் ஒவ்வொன்றின் முன்னும் நின்று விசாரித்து, உகந்ததைச் சுட்டிக்காட்டினார். பளபளக்கும் ஜெல்லியில் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கக்கூடும், கடற்பாசியால் செய்த 'கான்டென்' ஆனால் உண்ணலாம் என்பது போன்ற நுணுக்கங்களையெல்லாம் அவர் அறிந்திருந்தார். அம்மையார் சிறிது வெண்சோறும் வேகவைத்த காயும் இரு துண்டு பழமும் எடுத்துக்கொண்டு அமர்ந்தார்.

பேரனோ மூன்று தட்டுகளில் மலைபோல் குவித்துக்கொண்டு வந்தான். சோறு, உருளைக்கிழங்கு வறுவல், சோளம், ரொட்டி, அன்னாசி, மாவு தூவிய மோச்சி. அவனும் கைகூப்பி, "இதாதாகிமாசு" என்றான். மேலதிகாரி சொன்ன அதே சொல்.

உண்பதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒன்றரை மணி. முடிவதற்குக் கால்மணி இருக்கும்போது சிறுவனின் வயிறு நிறைந்துவிட்டது; தட்டுகள் நிறைந்தே இருந்தன. தந்தை வறுவலை உண்டார். தாய் பழத்தையும் ரொட்டியையும் உண்டார். பேரனின் எச்சில் என்று பாராமல் ஆச்சியும் இரண்டு மோச்சியை எடுத்துக்கொண்டார். இருந்தும் ஒரு கிண்ணத்தில் பாதிச் சோறு மிஞ்சியது. வீட்டுக்கு எடுத்துச்செல்ல அங்கே அனுமதி இல்லை.

"நீ சாப்பிடுமுன் சொன்னாயே, அதற்கு என்ன பொருள், கண்ணா?" என்று ஆச்சி கேட்டார். குரலில் சிறிதும் கடுமை இல்லை.

"பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள், ஆச்சி. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வோம்."

மகன் இடையில் விளக்கினார். அச்சொல்லின் மூலப்பொருள் தலையுச்சியில் வைத்தல் என்பது. மேலோர் ஒரு பொருளை அளித்தால் அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பெறும் பழக்கத்திலிருந்து பிறந்த சொல் அது.

"அப்படியானால் நாம் கோயிலில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போலத்தான்" என்றார் அம்மையார். பின்னர் கிண்ணத்தைப் பார்த்தபடி அவர் கூறியது இவ்வளவே: "நம் கல்யாணப் பந்தியில் இலை மீந்தால், பரிமாறியவர் கேட்காமல் போட்டுவிட்டார் என்று பழியைத் தள்ளிவிடலாம். இங்கே பரிமாறியதும் நம் கைதான்."

சிறுவனின் கண்கள் கலங்கின. ஓர் அரிசிமணியில் ஏழு தெய்வங்கள் குடியிருப்பதாக அந்நாட்டு முதியோர் கூறுவதுண்டு. அதைத் தன் ஆசிரியை சொன்னதாக அவன் மெல்லிய குரலில் கூறினான். மீண்டும் கரண்டியை எடுத்தான். ஆச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வயிறு நோக உண்பதும் அன்னத்துக்குச் செய்யும் மரியாதை அன்று என்றார். சோறு அப்படியே மேசையில் இருந்தது. பணிப்பெண் வந்து வணங்கி எடுத்துச் சென்றார். சிறுவன் அந்தப் பெண்ணை நோக்கிக் கைகூப்பி, உணவு முடிந்ததும் சொல்லும் 'கொச்சிசோசாமா' என்ற சொல்லைச் சொன்னான். விருந்தளிக்கும்பொருட்டு அங்குமிங்கும் ஓடியவரின் உழைப்புக்கு நன்றி கூறும் சொல் அது. அன்று அதைச் சொல்லும்போது அவன் குரல் இடறியது.

அளவின்றி உண்ணலாம் என்று அழைக்கும் இடங்கள் இன்று நம் ஊர்களிலும் பெருகிவிட்டன. செலுத்திய பணத்துக்கு ஈடாக எடுத்துவிட வேண்டும் என்னும் எண்ணம் பெரியவர்களையும் விடுவதில்லை. தட்டுக்கு விலை கொடுத்துவிட்டோம் என்பதால், அதில் உள்ள நெல்லை விளைவித்தவரின் உழைப்புக்கும் சமைத்தவரின் உழைப்புக்கும் விலை கொடுத்துவிட்டதாக ஆகாது. ஜப்பான் நாடு 2019இல் உணவு வீணாவதைக் குறைப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே, 2011இல், மாட்சுமோட்டோ நகரம் எளிய வழக்கம் ஒன்றைத் தொடங்கி வைத்தது. விருந்து தொடங்கி முதல் 30 நிமிடமும் முடியுமுன் கடைசி 10 நிமிடமும் எவரும் எழுந்து உலவாமல், தம் முன் உள்ளதை உண்டு முடிப்பது என்பதே அது. நம் திருமண விருந்துகளுக்கும் பொருந்தக்கூடிய வழக்கம்.

குடும்பத்தோடு இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் மனத்தில் கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலில் தட்டை எடுக்காமல் ஒருமுறை மேசைகளைச் சுற்றிப் பார்த்துவரலாம். குழந்தையின் தட்டில் முதல் சுற்றில் இரண்டு மூன்று பண்டங்களுக்கு மேல் வேண்டாம். மீண்டும் சென்று எடுப்பதற்குத் தடையேதும் இல்லை. புதிய பண்டமானால் ஒரு வாய் மட்டும் எடுத்துச் சுவை அறியலாம். உணவு நெறி உடையோர் அதனை அழைப்பு வந்த அன்றே தெரிவித்துவிடுவது அழைத்தவருக்கும் உதவி. 'சைவம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், மீன்சாறும் ஆகாது, முட்டையும் ஆகாது என்று பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. நம் நெறியைப் பணிவோடு கூறினால், அதைக் காப்பாற்ற நம்மைவிட மிகுதியாகப் பாடுபடுவோர் உலகின் எந்த மூலையிலும் இருக்கிறார்கள்.

இரண்டு மாதங்கள் கழித்து அம்மையார் ஊர் திரும்பினார். மறுநாள் நெல்லையப்பர் கோயிலுக்குச் சென்று அம்மையப்பரை வணங்கிவிட்டு வெளிப்பிராகாரத்தில் அமர்ந்தபோது, தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வழக்கம்போல் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள உயர்த்தியவர் ஒரு கணம் நின்றார். கடல் கடந்த ஓர் ஊரில் மேசைமேல் மிஞ்சிய பாதிக் கிண்ணச் சோறு அவர் நினைவுக்கு வந்தது. பிறகு தொன்னையில் ஒரு பருக்கையும் ஒட்டியிராதபடி, நிதானமாக உண்டு முடித்தார்.