பங்குத் தகராறுக்குப் பின்னால் ஓர் உளவாளி

எஸ். பாலசந்தர் இயக்கி, ஜாவர் சீதாராமன் எழுதி, 1954இல் ஏவி.எம். தயாரிப்பாக வந்த ‘அந்த நாள்’ ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபர். வீட்டுக்குள் சுடப்பட்டுக் கிடப்பவன் ரேடியோ இன்ஜினியர் ராஜன். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கதை சொத்துச் சண்டையாகவும் கள்ள உறவாகவும் விரிகிறது. அவன் எதிரிக்கு உளவு சொன்னவன் என்பது மனைவி உஷா வாய் திறக்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. திரைக்கதை எழுதுகிற நாம் இதில் பார்க்க வேண்டியது, நாட்டு ரகசியத்தை மறைக்கும் வேலையை வீட்டு ரகசியங்களிடம் ஒப்படைத்த சாமர்த்தியத்தை. சிவாஜி கணேசனின் ராஜன் என்ன தொழில் செய்கிறான் என்பதும், ஊரில் போர்க்காலம் என்பதும் கண்ணெதிரேதான் இருக்கின்றன. பங்குத் தகராறு காதை அடைத்துவிடுவதால் ‘ரேடியோ’ என்ற சொல் வெறும் உத்தியோகப் பெயராகவே கேட்கிறது. நம் கைக்கு வரும் உளவுக் கதைகளிலோ முதல் காட்சியிலேயே சங்கேதச் செய்தி வந்துவிடுகிறது. மாமியார் இட்லி பரிமாறுவது பிறகு ஒப்புக்குத்தான்.

உளவை இப்படிக் கடைசிவரை மறைத்துவைப்பது பார்வையாளரை ஏமாற்றுவது ஆகாதா என்று கேட்கலாம். மேசைக்கடியில் குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டினால்தான் பதற்றம் பிறக்கும் என்பது ஹிட்ச்காக் வகுத்த வழி. அவருடைய ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் மனைவிதான் உளவாளி என்பது நமக்கு முன்பே தெரியும். ஒரு சாவி காணாமல்போனாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அங்கே கேள்வி, அவள் பிடிபடுவாளா என்பது. ‘அந்த நாள்’ கேட்பது இவனை யார் கொன்றார், ஏன் என்று. ராஜனின் துரோகத்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் மற்ற நால்வரின் வாக்குமூலங்களும் வீண். ஆனால் இதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. தாலியா, தேசமா என்ற உஷாவின் தவிப்பு கடைசிப் பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. அங்கே வசனமும் கொஞ்சம் மேடை ஏறிவிடுகிறது. முதல் ஓட்டத்தில் படத்துக்கு எதிர்பார்த்த வசூல் கிடைக்காததை எடுத்துக்காட்டி, நம் ரசிகருக்கு இந்தக் கட்டமைப்பு ஒத்துவராது என்பவர்களும் உண்டு. ஒரு பாட்டுகூட இல்லாமல் 1954இல் வந்த படத்தின் வசூலைக் கட்டமைப்பின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. இரண்டாவது முறை பார்ப்பவருக்குக் கொலையாளி யார் என்ற கேள்வியே கிடையாது. அப்போது அவர் கவனம் முழுக்க உஷாவாக நடித்த பண்டரிபாயின் முகத்தில்தான். முதல் முறை வெறும் துக்கமாகத் தெரிந்த ஒவ்வொரு அசைவுக்கும் அங்கே இன்னொரு காரணம் காத்திருக்கிறது.