நம்மைப் பற்றிய புத்தகம், டாலர் விலையில்

காலண்டர், டைரி, நோட்டு, பாடநூல் என்று நாட்டுக்கே அச்சடித்துத் தரும் ஊர் சிவகாசி. அங்கே சரவெடி பின்னும் வீட்டிலிருந்து முதுகலை படிக்க வரும் மாணவிக்கு, தலித் மக்களைப் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட மின்னூல் எட்டாது. 30 டாலர் என்றால் அமெரிக்கப் பேராசிரியருக்கும் 30, திருத்தங்கல் மாணவிக்கும் 30. இதற்குப் பெயர் சமத்துவமாம். அது அம்மாவின் எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாட்டுக்கு நாடு விலையை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அச்சுப் புத்தகத்தில் காலங்காலமாக மாற்றித்தான் விற்கிறார்கள். ரூபா விஸ்வநாத்தின் 'தி பறையா ப்ராப்ளம்' நூலை 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. நவயானா அதை இந்தியப் பதிப்பாகக் கொண்டுவந்தது. தாய்லாந்து மாணவர் சுபாப் கிர்ட்சாங், ஆசியாவுக்கென்று அச்சிட்ட மலிவுப் பாடநூல்களை ஊரிலிருந்து வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். வைலி நிறுவனம் வழக்குப் போட்டது. வாங்கிய புத்தகத்தை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மின்னூலில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். காசு கொடுத்தாலும் கிடைப்பது படிக்கும் அனுமதிதான். சீனியர் ஜூனியருக்குக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. பழைய புத்தகக் கடைக்கும் வராது. எந்த நாட்டு முகவரி, எந்த நாட்டு வங்கி அட்டை என்று பார்த்துத்தான் கடை கதவையே திறக்கிறது. (யார் எதுவரை வரலாம் என்று கோடு போடுவது நமக்கொன்றும் புதிதில்லை.)

டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது 2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூவரும் வழக்குத் தொடுத்தார்கள். மாணவர்கள் சங்கமாகத் திரண்டு அந்த வழக்கில் தங்களையும் இணைத்துக்கொண்டார்கள். 2016 செப்டம்பரில் வழக்கு தள்ளுபடியானது. மேல்முறையீட்டிலும் பாடத்துக்காகப் பிரதி எடுப்பது சரியென்றே வந்தது. 2017இல் பதிப்பகங்கள் பின்வாங்கின. பெரிய வெற்றிதான். ஆனால் பூட்டுப் போட்ட மின்னூலை எந்த ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவது?

அரசு என்ன செய்தது? அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்னூலுக்கு 18 சதவீதம் வாங்கி, 2018இல்தான் 5 ஆக்கினார்கள், அதுவும் அச்சிலும் வந்த நூலுக்கு மட்டும். 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது ஆய்விதழ்களுக்கு, அரசு நிறுவனங்களுக்கு. விருதுநகர் மாவட்டத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் தனியார் கல்லூரிகள் அந்தக் கணக்கில் இல்லை.

நாம் ஓசியில் கேட்கவில்லை. நம் தெருவுக்கு வந்து, நம் அம்மாக்களை மணிக்கணக்கில் பேசவைத்து எழுதிய நூல்களின் மின்பதிப்பை, இந்திய அச்சுப் பதிப்பின் விலைக்கு மேல் இங்கே விற்கக் கூடாது என்கிறோம். எழுதுகிறவர்கள் பதிப்பக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதை எழுதி வாங்கட்டும். தோழர்களே, அடுத்து ரெக்கார்டரோடு ஓர் ஆய்வாளர் உங்கள் தெருவுக்கு வந்தால், அவர் கேள்வியைத் தொடங்கும் முன் நீங்கள் இதைக் கேளுங்கள்.