நீலத் திரைக்கு மருந்து போமட் மட்டும்தானா?



நம்மூரில் கம்பியூட்டர் நீலமாகி நின்றுவிட்டால் எல்லோரிடமும் ஒரே வைத்தியம்தான் இருக்கிறது. "போமட் அடிங்க, சரி வந்துரும்." காய்ச்சலுக்கும் பெனடோல், கால் முறிந்தாலும் பெனடோல் என்கிற மாதிரி.

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் நம் மாணவர் ஒருவரின் கணினி ஒரே தவணையில் மூன்று தடவை போமட் அடிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் காசு. ஒவ்வொரு முறையும் இரண்டு கிழமை நன்றாக ஓடும், பிறகு அதே நீலம். மூன்றாவது முறை அந்தப் பிள்ளை எழுதி வைத்திருந்த செயற்திட்ட வேலையும் சேர்ந்து போய்விட்டது. கடைசியில் நாங்கள் மூடியைக் கழற்றி, இரண்டு ரேமில் ஒன்றை எடுத்துவிட்டு ஓட விட்டோம். பிறகு மற்றதை மட்டும் போட்டு ஓட விட்டோம். ஒன்றில் நின்றது, மற்றதில் நிற்கவில்லை. பழுதான அந்த ரேமை மாற்ற ஆன செலவு, மூன்று போமட்டுக்குக் கொடுத்ததை விடக் குறைவு.

அப்படியானால் இரண்டு கிழமை ஏன் நன்றாக ஓடியது? இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். புதிதாகப் போட்ட விண்டோஸில் மென்பொருள் குறைவு, அது நினைவகத்தையும் குறைவாகவே தொடும். பழுதான இடத்துக்கு வேலை போய்ச் சேர நாளாகும். அந்த இடைவெளியைப் பார்த்து "போமட்டில் சரியாகிவிட்டது" என்று நாம் நம்பிவிடுகிறோம்.

நீலத் திரை என்பது வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுவதைப் போன்றது. உள்ளே ஏதோ ஒன்று பிழைத்துவிட்டது, தொடர்ந்து ஓடினால் தரவுகள் கெட்டுப்போகும் என்று கண்டதும் விண்டோஸ் தானாகவே நின்றுவிடுகிறது. ட்ரிப் விழுந்தால் நாம் எந்த லைனில் பழுது என்று பார்க்கிறோம், வீட்டை இடித்துக் கட்டுவதில்லையே.

எந்த லைன் என்பதை அந்தத் திரையே ஓரளவு சொல்லிவிடுகிறது. கீழே 'ஸ்டொப் கோட்' என்று ஒரு வரி வரும். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சில கணினிகளில் வாசிப்பதற்குள் திரை மறைந்து மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும். சிஸ்டம் அமைப்புகளில் 'ஸ்டார்ட்அப் அன்ட் ரிகவரி' பகுதிக்குப் போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் தெரிவை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்பில் இந்தத் திரையைக் கறுப்பாக மாற்றப்போவதாக மைக்ரோசொப்ட் 2025இல் அறிவித்தது. நிறம் மாறினாலும் அந்த வரி அங்கேதான் இருக்கிறது.

'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் முதலில் ரேமைச் சந்தேகிக்கலாம். 'வியா அன்கரெக்டபிள்' என்று வந்தால் பெரும்பாலும் வன்பொருள் பக்கம்: சூடு, மின்சாரம், புரொசசர். 'இன்எக்செசிபிள் பூட் டிவைஸ்' என்றால் ஹார்ட் டிஸ்க், அதன் கேபிள், அல்லது அதை இயக்கும் டிரைவர். இவை தீர்ப்பு அல்ல, தேடத் தொடங்கும் இடம் மட்டுமே. அதே வரி ஒவ்வொரு முறையும் வருகிறதா, முறைக்கு முறை மாறுகிறதா என்பதும் முக்கியம். ஒரே கோட், ஒரே டிரைவரின் பெயர் என்றால் மென்பொருளாக இருக்கலாம். கண்டபடி மாறி மாறி வந்தால் ரேம், பவர் சப்ளை பக்கம் பாருங்கள். ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே மெமரி டயக்னோஸ்டிக் இருக்கிறது, பத்து சதம் செலவில்லை. மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விட்டால் இன்னும் நல்லது.

நம் பிரதேசத்துக்கென்று சில காரணங்களும் உண்டு. சிறுபோக அறுவடையும் கச்சான் காற்றும் ஒன்றாக வரும் நாட்களில் ஜன்னலோரம் இருக்கும் கணினியைத் திறந்து பாருங்கள். ஹீட்சிங்கில் தூசி, பஞ்சு மாதிரிப் படிந்திருக்கும். விசிறி சுற்றும், காற்று போகாது. வளவுக்குப் பக்கத்தில் நெல் ஆலை இருந்தால் சொல்லவே வேண்டாம். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் உப்புக் காற்று ரேமின் பொன்னிறப் பட்டைகளில் வேலையைக் காட்டிவிடும். கரண்டைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் போட்டாலே சரியான கணினிகள் எத்தனையோ! (பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.)

மின்சாரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் இருளில் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழு நாடும் இருண்டது என்றார்கள், அதையும் பார்த்தோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸின் கோப்புகள் சிதையும். அது நாளை நீலத் திரையாக வரும். யூபிஎஸ் வைத்திருந்தும் அதன் பெட்டரி செத்து வருடக் கணக்காகியும் மாற்றாமல் இருக்கும் அலுவலகங்களும் உண்டு. அது யூபிஎஸ் அல்ல, பாரமான எக்ஸ்டென்ஷன் கோட்.

மென்பொருளால் நீலத் திரை வருவதில்லை என்று நாம் சொல்லவில்லை. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலமாகின என்று மைக்ரோசொப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகளும் வங்கிகளும் தடுமாறின. அதை எப்படிச் சரிசெய்தார்கள் தெரியுமா? சேப் மோடில் போய், பிழையான அந்தக் கோப்பை மட்டும் அழித்தார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு கணினியாகக் கையால். பிரச்சினை எந்தக் கோப்பில் என்று கண்டுபிடித்ததால் போமட் தேவைப்படவில்லை.

நம்மூர்க் கதை வேறு. போமட் அடித்துக் கொடுக்கும்போதே திருட்டு விண்டோஸும், அதை 'எக்டிவேட்' செய்யும் ஒரு குட்டி மென்பொருளும் சேர்ந்து வரும். அது வேலை செய்ய அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். என்ன உள்ளே போனது என்று கடைக்காரத் தம்பிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. புள்ளிகளையும் பரீட்சை வினாத்தாள்களையும் அதே கணினியில் வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக உறங்குகிறோம்.

கடைக்காரத் தம்பிமாரைக் குறை சொல்லவில்லை. காரணம் தேட இரண்டு நாள் போகும், போமட் ஒரு மணித்தியாலத்தில் முடியும், நாமும் "கெதியா தாங்க" என்றுதான் நிற்கிறோம். தேடும் வேலைக்குக் கூலி கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும். "கோட் என்ன வந்தது, ரேம் பார்த்தீங்களா, டிஸ்க் எப்படி?" என்று மூன்று கேள்வி கேட்போம். போமட் உண்மையில் தேவைப்படும் இடமும் உண்டு. அப்போதும் முதலில் தரவுகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்துக் கையில் தரச் சொல்லுங்கள், பிறகு அடிக்கட்டும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருக்கும் பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. "இது பழசு, எறிஞ்சிட்டுப் புதுசு எடுங்க" என்ற பேச்சு இனி அடிக்கடி வரும். எறிவதற்கு முன் அது ஏன் நிற்கிறது என்று பார்க்கும் கைகள் ஊருக்குள் வேண்டும். பிரயோக விஞ்ஞான பீடம் நம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. அங்கு படிக்கும் தம்பி தங்கைகள் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை பாடசாலை ஆய்வுகூடத்துக்கு வந்து, நம் மாணவர்களோடு உட்கார்ந்து, நின்றுபோன கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் எத்தனை எழும்பும்!

அதுவரைக்கும் ஒரு சிறிய வேலை. ஒவ்வொரு கணினிக்குப் பக்கத்திலும் ஒரு பழைய கொப்பியைக் கட்டித் தொங்க விடுவோம். நின்ற திகதி, நேரம், திரையில் வந்த கோட், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், கரண்ட் போய் வந்ததா, இவ்வளவும் எழுதினால் போதும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது கணினியோடு அந்தக் கொப்பியையும் எடுத்துப் போங்கள்.