எங்கேஜ்டு டோனுக்குக் கணக்கு எங்கே?

யூனிக்ஸ் கணினியில் மோடத்தைச் செருகி, வெளியில் இருப்பவர்கள் போன் போட்டு உள்ளே வரும்படி டயல்-அப் சர்வர் அமைப்பது எப்படி? லினக்ஸ் கையேடுகளில் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் உண்டு. எம்கெட்டி என்ற நிரல் மோடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மணி அடித்தால் எடுக்கும். பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தால் பிபிபிடி வந்து ஒரு ஐபி முகவரியைக் கொடுக்கும். ஐபி ஃபார்வர்டிங்கை ஆன் செய்துவிட்டால் வேலை முடிந்தது. பொறுமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

சரி, எத்தனை போன் லைன் வாங்குவது? அங்கேதான் கையேடுகள் நழுவுகின்றன. கணினிப் பிரிவு நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இந்த வேலையின் கஷ்டமான பாதி யூனிக்ஸில் இல்லை. பி.காம். படிப்பவன் பார்க்க வேண்டிய கணக்கில்தான் இருக்கிறது :-)

100 பயனர்கள், தலைக்குத் தினம் அரை மணி நேரம் என்று வையுங்கள். மொத்தம் 50 மணி நேரம். ஒரு லைனுக்கு ஒரு நாளில் 24 மணி நேரம் இருக்கிறதே, 3 லைன் தாராளம் என்று தோன்றும். ஆனால் அதில் 40 பேர் இரவு 9 முதல் 11-க்குள் வருகிறார்கள் என்றால்? 20 மணி நேர உபயோகம் 2 மணி நேரத்தில் அடைபட வேண்டும். சராசரியாகவே 10 லைன். 10 வாங்கினாலும் தீராது. டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரப்படி, ஐந்தில் ஒரு அழைப்புக்கும் சற்று அதிகமாக எங்கேஜ்டு டோன்தான் கேட்கும். அதை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறக்க 18 லைன் வேண்டும். 3 எங்கே, 18 எங்கே! ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை வேறு.

பெரியவர்களும் இதில் சறுக்கினார்கள். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, வரப்போகும் கூட்டத்தைக் குறைவாகக் கணித்துவிட்டது. தலைவர் பி.கே. சிங்கால் அந்தத் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் ஏஓஎல் 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலருக்கு வரம்பில்லாத இணைப்பு என்றது. அங்கே பல வீடுகளில் உள்ளூர் அழைப்புக்கு நிமிடக் கட்டணமும் கிடையாது. உள்ளே போனவர் வெளியே வருவாரா? 1997 ஜனவரியில் பல மாநில அரசு வழக்கறிஞர்கள் தலையிட்டு, பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அது யூனிக்ஸ் சர்வரா இல்லையா என்று கேட்காதீர்கள், எங்கேஜ்டு டோன் எல்லா ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒரே சத்தம்தான்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பதை யூனிக்ஸ் டபிள்யூடிஎம்பி கோப்பில் எழுதிவைக்கும். ‘லாஸ்ட்’ கட்டளை அதைக் காட்டும், ‘ஏசி’ கட்டளை மணி நேரத்தைக் கூட்டியே கொடுத்துவிடும். அருமையான பேரேடு! ஆனால் லைன் கிடைக்காமல் ரிசீவரை வைத்தவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அவருடைய அழைப்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சோடு நின்றுவிடுகிறது. பில் போட்டவர்களை மட்டும் எண்ணும் கடைக்காரர், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களை எண்ணுவதே இல்லை. ‘எந்தப் புகாரும் வரவில்லை’ என்று நிர்வாகி நிம்மதியாகத் தூங்கலாம். புகார் மெயில் அனுப்பவும் அதே லைன்தானே வேண்டும்!

பிபிபிடியில் ‘ஐடில்’, ‘மேக்ஸ்கனெக்ட்’ என்று இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவது சும்மா கிடக்கும் இணைப்பை வெட்டும், இரண்டாவது நேர வரம்பு வைக்கும். இதைக் கொடுமை என்பவர்கள் உள்ளே இருப்பவர்கள்தான். வெளியே நிற்பவரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ல் மூடிவிட்டது. ஆனால் 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை என்றதும், எத்தனையோ அலுவலகங்களின் விபிஎன் இதே போலத்தான் நிரம்பி வழிந்தது. எல்லா லைனும் ஒரே சமயத்தில் நிறைந்திருந்த நிமிடங்களை ‘லாஸ்ட்’ பட்டியலை வைத்தே ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எண்ணிவிடலாம். 101-வது ஆளிடம் பணம் வாங்கும் முன் அந்த எண்ணை அவரிடம் காட்டியிருக்க வேண்டும்.